பேட்டரி அறையில் போட்ட கணப்பு

அந்த வருடம் ஓய்பக்கி என்ற மலைக் கிராமத்தில் மக்காச்சோளம் பரணேறிய பிறகு இது நடந்ததா, அதற்கு முன்பா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது என்பதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மலையில் அந்தக் காற்று அடிக்கும்போது ஆரஞ்சுப் பழத்தின் தோல்கூடச் சில்லென்று இருக்கும்; ஆடுகள் சுவரோரமாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்றதெல்லாம் பல வாய்களிலிருந்து கேட்டுச் சேர்த்தது. சேர்த்ததில் முன்பின்னாகப் போனவையும் இருக்கலாம்.

நாகோர் தெஃபா கல் உடைத்துப் பிழைத்தவர். ஊரின் மேற்கு மேட்டில் சுகாதார நிலையம் கட்டியபோது அஸ்திவாரக் கல் முழுவதும் அவர் கை பட்டது. கட்டி முடித்து, கூரையில் சூரியத்தகடுகளை ஏற்றியபோது, அவற்றைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நாகோர் நகரத்துக்குப் போய்ப் பழகிவிட்டு வந்தார். தகட்டில் படிந்த தூசியைத் துடைப்பது, பேட்டரி அறையைப் பூட்டி வைப்பது, சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பது. அந்தப் பெட்டி கத்தினால் அறை சூடாகிவிட்டது என்று அர்த்தம், உடனே கதவைத் திறந்துவிட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்கு இடம் பார்க்க வந்த இளம் என்ஜினியர், வரைபடத்தை வண்டியின் முன்பக்கத்தில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, ஊராரைக் கூட்டிக் கேட்டார்.

"நான் பாட்டுக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. மாத்திக்கலாம்."

ஆண்கள் முன்னால் நின்றார்கள். பெண்கள் பின்னால். நாகோரின் மனைவி ஓர்பா அவர் முதுகில் விரலால் குத்தினாள்.

"கணப்புக்கு ஒரு எடம் கேளுங்க."

நாகோர் தொண்டையைச் செருமினார். "டவுன்ல இருக்கிற மாதிரியே இருக்கணும் சார். வெள்ளை டைல்ஸ், சீலிங்கு, லைட்டு."

"பிள்ளை பெத்தவங்களுக்குன்னு உங்க பக்கத்துல ஏதோ வழக்கம் இருக்காமே? நெருப்புப் பக்கத்துல படுக்க வைக்கிறது?"

என்ஜினியர் கேலியாகக் கேட்கவில்லை. கையில் பென்சிலோடு, பதிலை எழுதிக்கொள்ளத்தான் நின்றார். ஆனால் நாகோருக்கு அவருடைய சுத்தமான பூட்ஸும் சலவைச் சட்டையும்தான் கண்ணில் பட்டன. தன் காலில் ஒட்டியிருந்த சாணமும் பட்டது.

"அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று சிரித்தார். "இப்ப எவ சார் நெருப்புல படுக்கிறா?"

பின்னால் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மேலிருந்து கணப்புப் புகை வாசம் இன்னும் போகவில்லை. என்ஜினியர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

கட்டடம் நாகோர் கேட்டபடியே வந்தது. சாயங்காலம் விளக்குப் போட்டால் கீழ் ஊர்வரை தெரியும். பெண்கள்தான் வரவில்லை. அவர்கள் தங்கள் வட்டவீட்டுக்குள்ளேயே பெற்றுக்கொண்டார்கள். தரைவரை புல் இறங்கிய கூரை, குனிந்து நுழைகிற வாசல், ஜன்னல் கிடையாது. நடுவில் அணையாத அடுப்பு, மேலே பரணில் மக்காச்சோளம். பெற்றவளும் சோளமும் அந்த ஒரே நெருப்பில் காய்வார்கள். நாகோர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஓர்பாவின் தம்பி யூசாக்கின் மனைவி டோர்காஸ் அப்போதுதான் உண்டாகியிருந்தாள். அவளிடமும் சொன்னார்.

"உங்க விளக்கு வெளிச்சம் குடுக்கும் அண்ணே" என்றாள் டோர்காஸ், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. "சூடு குடுக்குமா?"

யூசாக் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், அதுக்கும் ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்க."

நாகோரும் சிரித்து வைத்தார். மாப்பிள்ளை, மச்சான் கேலிக்கு முகத்தைச் சுளித்தால் நன்றாக இருக்காது.

இப்படியே ஏழெட்டு மாதம் போன பிறகு அவருடைய மகள் அட்ரியானாவுக்கு வலி எடுத்தது. புருஷன் கடல் தாண்டி எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருந்தான். ஓர்பா வட்டவீட்டைப் பெருக்கி விறகு அடுக்கியிருந்தாள். நாகோர் மகளை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துவிட்டார். ஊர் பார்க்க, பட்டப்பகலில்.

பிரசவம் நல்லபடியாகவே ஆயிற்று. பெண் குழந்தை. நர்சம்மா மார்செலினா வேறு தீவுக்காரி. கை சுத்தம், வாய் கறார். இரத்தம் கொஞ்சம் அதிகம் போயிருந்தது. தையல் போட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"டவுன்ல கூட்டம் இருக்கு, போயே ஆகணும். நாளைக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் இவளை அசைக்காதீங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மேட்டுல நடக்க வச்சீங்கன்னா தையல் பிரிஞ்சிடும்."

"சரி நர்சம்மா."

"கணப்பும் கூடாது. கைப்பிள்ளை நெஞ்சுல புகை ஏறினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். போன வருஷம் கீழ் ஊர்ல ஒண்ணு இருமி இருமியே போச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

"எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்லை நர்சம்மா" என்றார் நாகோர்.

மார்செலினாவின் மோட்டார்சைக்கிள் இறக்கத்தில் மறைந்தது. நாளை என்று போனவள் வர வாரக் கடைசி நெருங்கிவிட்டது. கூட்டம் நீண்டது, பிறகு வண்டி மக்கர் செய்தது.

பொழுது சாய்வதற்குள் அட்ரியானாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. டைல்ஸ் தரை ஓடைக்கல் போலக் குளிர்ந்து கிடந்தது. கண்ணாடி ஜன்னலின் இடுக்கில் காற்று ஊளையிட்டது. வீட்டிலிருந்த போர்வை எல்லாம் மேலே போட்டும் பல் அடிப்பது நிற்கவில்லை. ஓர்பா மகளின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெத்த உடம்பு குளிர்ந்து வெள்ளை ரத்தம் ஏறுது" என்றாள். "தலைக்குப் போச்சுன்னா புத்தி பேதலிச்சிரும். எங்க சின்னம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. மழையில பெத்து, விறகு நனைஞ்சு போச்சு. சாகுற வரைக்கும் ஆட்டுக்கிட்ட பேசிட்டுத் திரிஞ்சா."

"சும்மா பயப்படுத்தாதே."

"வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம். நாலு பேரு கட்டிலோட தூக்கட்டும்."

"என் மகளே எறங்கிப் போயிட்டா அப்புறம் எவ வருவா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா பல்லு கிட்டிப் படுத்திருக்கு? உங்க மக படுத்திருக்கா."

நாகோர் போர்வையை இழுத்து மகளின் கழுத்துவரை மூடினார். எழுந்து வெளியே போய் நின்றார். காற்று சட்டையைப் பிடுங்கியது. கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பின்பக்கம் பேட்டரி அறை. அவரே கட்டிய கல் சுவர், சிமெண்ட் தரை, ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டிக் கை நுழைகிற அளவில் காற்றுப்போக்கி, குனிந்து நுழைகிற சின்னக் கதவு. பூட்டைத் திறந்து உள்ளே போனார். காற்றின் சத்தமே இல்லை. ஒரு பக்கம் பலகையில் பேட்டரிகள் வரிசையாக இருந்தன. இன்னொரு பக்கம் ஒரு கட்டில் போடலாம். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது என்றுதான் பிறகு ஓர்பா சொன்னாள். ஓடி வந்து, பிள்ளைபோலச் சொன்னாராம்:

"ஓர்பா, நம்ம வட்டவீடு இங்கேயே இருக்குடி."

கதவை விட்டு வெளியே, கட்டடத்தின் மறைவில் விறகை எரித்துக் கரியாக்கினார்கள். புகை அங்கேயே போய்விடும். அறைக்குள் ஒரு கட்டிலைப் போட்டு, அட்ரியானாவையும் குழந்தையையும் தூக்கிப்போய்க் கிடத்தி, கனிந்த கங்கை மட்டும் அகன்ற மண்சட்டியில் அள்ளி அதன் அடியில் வைத்தார்கள். அட்ரியானா முதலில் விரலை நீட்டினாள், பிறகு முழங்காலை, பிறகு அப்படியே தூங்கிப்போனாள். எழுந்து, சோளமும் பயறும் குழையக் காய்ச்சிய கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தாள். முகத்தில் இரத்தம் வந்தது. பால் சுரந்தது.

பெற்றவள் கணப்பில் படுத்தால் உறவுப் பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போட வேண்டும். யாரும் அழைக்க வேண்டியதில்லை. வந்து போட்டார்கள். பூவ மரத்து விறகாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். அதில்தான் கங்கு நின்று கனியும். டோர்காஸ் நிறைவயிற்றோடு ஒரு சிறு கட்டைத் தலையில் வைத்து வந்து இறக்கினாள். அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க ஆள் கெட்டிதான்" என்றாள். "எனக்கும் இந்த எடத்தை ஒதுக்கி வைங்க."

பெண்கள் விறகு சுமந்து போவதை ஆண்கள் கவனிப்பதில்லை. எந்த நாளும் எவளாவது எங்காவது விறகு சுமந்து போய்க்கொண்டுதான் இருப்பாள்.

அந்தச் சின்னப் பெட்டி கத்த ஆரம்பித்தது. குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. நாகோர் கதவைத் திறந்தார். காற்று உள்ளே பாய்ந்தது. அட்ரியானா முனகிக்கொண்டு சுருண்டாள். கதவைச் சாத்தினார். பெட்டி மறுபடி கத்தியது. அவர் பெட்டியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அது கத்துவதற்கான சின்னக் கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

மார்செலினா வருவதற்கு முன்பே அட்ரியானாவைப் பழைய கட்டிலுக்கு மாற்றி, சாம்பலைப் பெருக்கி, தரையைக் கழுவியாகிவிட்டது. நர்சம்மா பெண்ணைச் சோதித்துப் பார்த்தாள். தையல் ஆறியிருந்தது. "பாத்தீங்களா?" என்று ஓர்பாவிடம் சிரித்தாள். "நெருப்பு இல்லாமலே நல்லா ஆயிட்டா."

ஓர்பா வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பிறகு மார்செலினா சுவிட்சைத் தட்டினாள். விளக்கு வரவில்லை. மருந்து வைத்திருந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கை வைத்ததும் அவள் முகம் மாறியது. தடுப்பூசிச் சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த வட்டத்துக்குள் வெள்ளையாக இருக்க வேண்டிய சதுரம் எல்லாவற்றிலும் கருத்துப் போயிருந்தது. சூடு பட்டால் அது கருக்கும். கருத்தால் மருந்து செத்தது.

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "சனிக்கிழமை எத்தனை பிள்ளைங்க வருதுன்னு தெரியுமா நாகோரண்ணே? ஆத்துக்கு அந்தப் பக்கமெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கேன்."

நாகோர் பேட்டரி அறையைத் திறந்து காட்டினார். பேட்டரிகளின் பக்கங்கள் வயிறு ஊதியதுபோலப் புடைத்திருந்தன.

"இது எப்படி ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலை நர்சம்மா" என்றார். பிறகு, அவள் கேட்காமலே சொன்னார்: "யாராச்சும் பெரிய மிஷின் எதையாச்சும் மாட்டியிருப்பாங்க."

அவர் பெயர் சொல்லவில்லை. பிற்பாடு பல நாள் அவர் பிடித்துக்கொண்டு தொங்கிய கொடி அது ஒன்றுதான்: நான் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஓய்பக்கியில் பெரிய மிஷின் என்றால் ஒன்றுதான் இருந்தது. யூசாக்கின் பாட்டுப்பெட்டி. கல்யாணம், ஞானஸ்நானம் என்று ஊர் ஊராக அதைத் தூக்கிக்கொண்டு போவான். இரண்டொரு முறை சுகாதார நிலையத்தில் அதற்குச் சார்ஜ் போட்டுமிருக்கிறான்.

சனிக்கிழமை வந்தார்கள். துணியில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, ஆற்றில் நனைந்த பாவாடையோடு, வாசல் நிறைய உட்கார்ந்தார்கள். மார்செலினா எழுந்து நின்று, மருந்து கெட்டுப்போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றாள். யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

"அடுத்த மாசம் வரலாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எனக்குத் தெரியலைம்மா. பேட்டரி வரணும்."

"சரிங்க" என்றாள். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நாகோர் குடத்தைச் சுமந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, "நல்லா இருப்பீங்க" என்று குவளையைத் திருப்பித் தந்தாள்.

மறுநாள் ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். வெற்றிலைப் பாக்குத் தட்டு சுற்றி வந்தது. தலைவர் மெல்கியானுஸ் நேராக யூசாக்கிடம் கேட்டார்.

"ஒன் பாட்டுப்பெட்டியை அங்க மாட்டினியாடா?"

"மாட்டினேன். அது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. இப்ப மாட்டலை."

"யாரு பார்த்தா?"

"மாட்டலைங்கிறதை யாரு பாக்க முடியும்?"

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ஊருச் சொத்து. பச்சைப் பிள்ளைங்க ஊசி. ஒரு பன்னி, ஒரு ஜாடி சாராயம். ஊரு முன்னாடி தலை குனிஞ்சு மன்னிப்பு. அதுதான் முறை."

யூசாக் நாகோரைத் திரும்பிப் பார்த்தான். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. ஆதரவுக்குப் பார்த்தான். "மச்சான், அங்கேயே கிடக்கிற ஆளு நீங்க. சொல்லுங்க. நான் வந்தேனா?"

யூசாக் அட்ரியானாவுக்குத் தாய்மாமன். அந்தக் குழந்தையை வீட்டைவிட்டு முதன்முதலாக வெயிலுக்குக் கொண்டுவரும் நாளில், வாசலில் நின்று வாங்க வேண்டிய கை அவனுடையது. அவன் இல்லாமல் குழந்தைக்குப் பெயரில்லை. நாகோருக்கு அது தெரியும். வாயில் வெற்றிலைச் சாறு நிறைந்திருந்தது. அதைத் துப்பிவிட்டுப் பேச வேண்டும். துப்பாமல் இருந்தால் பேச முடியாது. அவர் துப்பவில்லை.

பெண்கள் பக்கம் ஓர்பா இருந்தாள். அவளுடைய தம்பி. அவளும் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டோர்காஸ் ஒரு கையைத் தரையில் ஊன்றி மெதுவாக எழுந்தாள்.

"பன்னியைக் குடுத்திடறோம்" என்றாள். "கொழுத்த பன்னிதான். ஆனா எனக்கு நாள் நெருங்கிடுச்சு. நானும் மேட்டுக்கே வரேன். எனக்கும் அதே ரூம்ல கணப்புப் போட்டுக் குடுக்கணும். அட்ரியானாவுக்கு நாகோரண்ணன் போட்ட மாதிரி."

"எந்த ரூம்லம்மா?" என்றார் தலைவர்.

டோர்காஸ் நாகோரைப் பார்த்தாள். அவள் பார்க்க, பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இங்கே இருக்கிற ஒவ்வொருத்தியும் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போட்டவள். அவர் முகத்துக்காக ஒரு வாரமாக எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு, அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

மார்செலினா எழுந்துவிட்டாள். "பேட்டரி ரூம்லயா? கங்கு வச்சீங்களா?" அவள் நாகோரின் முன்னால் வந்து நின்றாள். "அந்தப் பேட்டரி சூடானா காத்துல என்ன விடும்னு உங்களுக்குச் சொல்லித் தரலையா? ஒரு பொறி போதும். உங்க மகளும் பேத்தியும் சுவரோட சேர்ந்து போயிருப்பாங்களே அண்ணே!"

நாகோர் எழுந்து நின்றார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. என்ஜினியர் பென்சிலோடு நின்றது, பிடுங்கிய கம்பி, தண்ணீர் குடித்துவிட்டு நல்லா இருப்பீங்க என்றவள். வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நல்ல கரி நர்சம்மா. புகையே வரலை."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது பரவியது. தலைவர்கூடச் சிரித்துவிட்டார். யூசாக் மட்டும் சிரிக்கவில்லை. எப்போதும் முதலில் சிரிக்கிறவன் அவன்.

மார்செலினா பெண்கள் பக்கம் திரும்பினாள். "உங்க அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கு. ஒருத்திகூட எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே நர்சம்மா" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "கேட்டாலும் கூடாதுன்னுதான் சொல்லியிருப்பீங்க."

"கூடாதுதான்" என்றாள் மார்செலினா. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அபராதம் நாகோர் மேல் விழுந்தது; அவருடைய பன்றியை அடித்தார்கள். ஊர் முழுக்கச் சாப்பிட்டது. யூசாக் வந்தான். இலையில் வைத்ததைச் சாப்பிட்டான். "உப்பு சரியா இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். நாகோர் அவனிடம் மன்னிப்புக் கேட்பதற்காகப் பின்னாலேயே போனார். தண்ணீர் ஊற்றினார். கேட்கவில்லை.

அன்று வீட்டில் ஓர்பா அடுப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றார் நாகோர்.

"என்னன்னு?"

நாகோர் கீழே கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தார்.

"அன்னைக்கு அந்த என்ஜினியர் கேக்கிறப்ப உங்க முதுகுல குத்தினேன்" என்றாள். "இன்னைக்குக் கை எட்டலை. நீங்க தூரமா உக்காந்திருந்தீங்க."

டோர்காஸுக்கு வலி எடுத்தபோது மேட்டில் விளக்கு இல்லை, மருந்து குளிர வைக்க வழியில்லை, கணப்பும் இல்லை. அவள் தன் வட்டவீட்டிலேயே படுத்துக்கொண்டாள். மார்செலினா அந்தச் சின்ன வாசலில் மண்டியிட்டு நுழைந்தாள். வெளியே ஆண்களோடு நாகோரும் நின்றார். உள்ளே இருமல் சத்தம் கேட்டது. முதலில் நர்சம்மாவின் இருமல், பிறகு டோர்காஸின் அலறல், பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. யூசாக் தரையில் குந்தியிருந்தான். நாகோர் அவன் பக்கத்தில் போய்க் குந்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. குழந்தை அழுதது. யூசாக் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

டோர்காஸ் பிழைத்துக்கொண்டாள். பையன். இரத்தம் மிகவும் போனதால் நெடுநாள் எழுந்து நடமாட முடியவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்த மழைக்காலத்தில் தட்டம்மை வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்று நாகோர் கேட்டபோது, மார்செலினா தெரியாது என்றாள்.

புதிய பேட்டரிகள் வருவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் பெண்களே சேர்ந்து, சுகாதார நிலையத்திலிருந்து தள்ளி, ஒரு வட்டவீடு கட்டிக்கொண்டார்கள். நர்சம்மா சொன்னபடி உச்சியில் புகை போக வழி விட்டிருக்கிறார்கள். அதனால் மழை ஒழுகுகிறது. மேட்டில் பெற்றுவிட்டு அங்கே வந்து படுக்கிறார்கள். மார்செலினா மாற்றலாகித் தன் தீவுக்குப் போய்விட்டாள். விளக்கை இப்போது யூசாக் பார்த்துக்கொள்கிறான். அட்ரியானாவின் மகளை வாசலில் வாங்கிப் பெயர் வைத்தவன் அவன்தான். முறையில் குறை வைக்கவில்லை. அட்ரியானா புருஷனிருக்கும் தோட்டத்துக்கே வேலைக்குப் போய்விட்டாள். பிள்ளை ஓர்பாவிடம் வளர்கிறது. நாகோர் மறுபடியும் கல் உடைக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை என்று கூப்பிட்டால் மட்டும் போவதில்லை.